இலண்டன் மாநகரில் ஒரு வைத்திய வரலாற்று நூல்நிலையம்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எம்மைப் பேச அழைத்த காரியதரிசி அவர்கள் "நூல்நிலையங்கள்" என்று பொதுப்பட ஒரு தலைப்பைத் தந்துவிட்டார். அது பெருங்கடல். அதிலே ஒரு சிறங்கை நீரை மாத்திரம் அள்ளிக்கொள்ள எண்ணுகிறோம். வைத்தியத்தின் வரலாற்றுக்கென்றே அமைந்த நூல்நிலையம் ஒன்றைப் பற்றிச் சொல்லப் போகிறோம். இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "நோய் தீர்க்கப் புதிய நூல்கள் இருக்கப் பழைய வைத்தியத்தைப் படித்து ஆவதென்ன?" என்று வாசிகசாலைத் திண்ணையில் வைத்து எம்மைக் கேட்டார். அன்று சரியான விடை வாயில் வரவில்லை. இன்று அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார், தப்ப வழியில்லை.

இலண்டனில் யூஸ்ற்றன் வீதியிலே உள்ளது வெல்கம் நூல்நிலையம். இதனை உண்டாக்கிய ஹென்றி வெல்கம் 1853ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தவர், மருந்து வியாபாரி. 1880ஆம் ஆண்டு இலண்டனிலே பறோஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கடை தொடங்கினார். தூளாகவும் நீராகவும் விற்கப்பட்ட மருந்துகளை அளவாக அழுத்தி வில்லைகளாக்கி விற்றதே அவர்களுடைய கெட்டித்தனம். அவ்வில்லைகளுக்கு 1884இல் 'டப்லொயிட்' என்று ஒரு பெயரைப் பதிவு செய்தார்கள். இன்று சிறிய அளவுப் பத்திரிகைகளை நாம் அப்பெயரால் அழைக்கிறோம். மருந்து வில்லையின் பெயர் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது பொருத்தமா இல்லையா என்பதைப் பத்திரிகை வாசிப்போரே தீர்மானிக்கட்டும்.

மருந்திலே வந்த பணத்தை வெல்கம் பழம்பொருள்களிலே இட்டார். வாங்குபவர் பெருஞ்செல்வர் என்று தெரிந்தால் விற்பவர் விலையை ஏற்றிவிடுவார் அல்லவா? ஆகவே ஏலங்களுக்கு முகவர்களை அனுப்பினார். தாமே வேறு பெயரிலும் வாங்கினார். 1913இல் ஓர் அரும்பொருட்சாலையைத் திறந்தார். 1936இல் அவர் மறைந்தபோது சேர்த்த பொருள்கள் பத்து இலட்சத்துக்கு மேல். பிரிக்கப்படாத பெட்டிகளும் ஏராளம். நூல்நிலையம் 1949ஆம் ஆண்டிலேதான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உள்ளே இருப்பவற்றுள் இரண்டொன்றைச் சொல்வோம். எகிப்து நாட்டு மணலிலிருந்து 1904ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட பப்பைரசுத் துண்டு ஒன்று அங்கே உண்டு. இற்றைக்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. ஒரு மூலிகையின் படமும் அதன் குணமும் அதிலே உள்ளன. இன்னொன்று, 1384இல் பிறந்த இஸ்கந்தர் சுல்தான் என்னும் பாரசீக அரசகுமாரனுடைய ஜாதகம். பொன்னும் நீலமும் தீட்டி 1411இல் எழுதப்பட்டது. வைத்திய நூல்நிலையத்தில் ஜாதகம் எதற்கு என்று எவரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறோம். நாடி பிடிக்குமுன் நாள் பார்த்த பரியாரிமார் இருந்த ஊர் அல்லவா எமது ஊர்!

ஆசிய நாடுகளிலிருந்து சென்ற கையெழுத்துச் சுவடிகள் மாத்திரம் ஏறக்குறைய 12,000, மொழிகள் 43. வெல்கமின் பொருட்டுப் பைரா மால் என்னும் இந்திய வைத்தியர் 1911ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் இந்தியாவிலே ஊர் ஊராய்த் திரிந்து சுவடி சேர்த்தார். எமது இலங்கையிலிருந்து சென்ற ஓலைச்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. அங்குள்ள சிங்களச் சுவடிகளுக்குச் சோமதாச என்னும் அறிஞர் ஆக்கிய விளக்க அட்டவணை 1996இல் நூலாக வெளிவந்தது. தமிழ்ச் சுவடிகளும் சில உள்ளன.

கொண்டுபோனது சரியா என்ற கேள்வி உங்கள் உள்ளத்திலும் எழும். விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆயினும் ஆளுவோன் வாங்குவதும் ஆளப்படுவோன் விற்பதும் சமமான வியாபாரமாகுமா? அந்நிறுவனத்தாரே இன்று இதனை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். வெல்கம் சேர்த்த பொருள்களை 2007 முதல் காட்டிவந்த மண்டபம் ஒன்றை, அது பிற இனத்தவரை இழிவாகக் காட்டும் எண்ணங்களை நிலைநிறுத்துகிறது என்று கூறி, 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தாமே மூடிவிட்டார்கள். எம்மைக் கேட்டால், மண்டபத்தை மூடியதிலும் பார்க்கச் சுவடிகளைப் படம் பிடித்து உலகத்தார் எவரும் பொருட்செலவின்றிப் பார்க்க விட்டிருப்பதையே பெரிதென்போம். சுன்னாகத்திலே இருந்துகொண்டு அவ்வேடுகள் பலவற்றைக் கைத்தொலைபேசியிலே புரட்டலாம்.

ஏடும் பொன்னெழுத்தும் மாத்திரம் வரலாறு அல்ல. இலண்டன் நகரப் பகுதிகளின் சுகாதார வைத்திய அதிகாரிகள் 1848 முதல் 1972 வரை எழுதிய ஆண்டறிக்கைகள் ஏறக்குறைய 5,500 அங்கே எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள் இறந்தன, பாலிலே எவ்வளவு நீர் கலந்தார்கள், கழிவுநீர் எங்கே கிணற்றோடு கலந்தது என்பனவெல்லாம் அவற்றிலே பதியப்பட்டன. கலாசாலைப் பிள்ளைகள் உறங்கிப் போகக்கூடிய எழுத்துத்தான். ஆனால் வாந்திபேதி தண்ணீராலே பரவுகிறது என்பதை 1854இல் ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் இறந்தோர் வீடுகளை எண்ணி எண்ணியே காட்டினார். எமது நாட்டிலே 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது கையாண்ட முறையும் இதுதான்: வீடு வீடாய்ப் போ, எண்ணு, எழுதி வை.

இனி முன்வரிசை நண்பருக்கு வருவோம். 1934, 35ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. இங்கிருக்கும் முதியோர் சிலர் அதைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அந்நோய்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் ஆட்டெமிசினின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதை என்ன? சீன நாட்டிலே தூ யூயூ என்னும் அம்மையார் பழைய வைத்திய நூல்களிலிருந்து 2,000 முறைகளைத் திரட்டினார். 380 சாறுகள் வரை வடித்துச் சோதித்தார். ஒரு செடியின் சாறு முதலிலே பலித்தது, பிறகு பலிக்கவில்லை. அப்பொழுது நாலாம் நூற்றாண்டில் கெ ஹொங் என்பவர் எழுதிய நூலை மறுபடி வாசித்தார். அதிலே செடியைக் காய்ச்சும்படி சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்துக் குறைந்த சூட்டிலே வடித்தார். 1971இல் அது பலித்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூலிலே உள்ளதெல்லாம் மெய் என்பதல்ல எமது வாதம். எறியப்பட்ட நூல்களை எவரும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதே.

எமக்கு என்ன இருந்தது? யாழ்ப்பாணத்தரசர் காலத்துப் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் ஏடுகளிலிருந்து எடுத்து 1930ஆம் ஆண்டையொட்டி அச்சிட்டிராவிட்டால் இன்று நாம் அதன் பெயரை மாத்திரம் சொல்லிக்கொண்டிருப்போம். 1847இல் வந்திறங்கி மானிப்பாயிலே பணியாற்றிய டாக்டர் கிறீன் அமெரிக்கர். 1864 தொடக்கம் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, முப்பதுக்கு மேற்பட்ட தமிழரை அவ்வாறு வைத்தியராக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என அவரும் மாணவரும் வெளியிட்ட நூல்களைக் கண்ணாற் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் எரிக்காமலே அழிந்தவற்றை எண்ணுவார் இல்லை.

சென்ற ஆண்டு மன்றத்தார் சிலர், காலஞ்சென்ற பரியாரியார் ஒருவருடைய வீட்டுக்குப் போனோம். அவருடைய ஏடுகள் பெட்டகம் ஒன்றிலே இருந்தனவாம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் குழந்தைகளையும் உடுபுடவையையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் பெட்டகத்தைத் தூக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது பெட்டகம் இருந்தது. உள்ளே கறையான் புற்று. அடியிலே கிடந்த ஒரு கட்டு மாத்திரம் தப்பியது. அதைப் பேரனார் எமக்குக் காட்டினார். கையில் எடுக்க விடவில்லை. "குடும்ப மருந்து, வெளியிலே போகக்கூடாது என்று அப்பு சொன்னவர்," என்றார். அவருடைய பயத்தை நாம் குறைசொல்லோம். கொண்டுபோனவர்கள் பலரைக் கண்ட நாடு இது.

ஆகையால் எமது செயற்குழு ஓர் ஒழுங்கு செய்திருக்கிறது. ஏடு வீட்டாரிடமே இருக்கும். மன்றத்து இளைஞர் இருவர் வந்து வீட்டார் முன்னிலையிலே படம் பிடிப்பார்கள். வெளியிட வேண்டாமென்றால் வெளியிடப்படமாட்டாது. விரும்புவோருடையவற்றை 2005 முதல் எமது நூல்களைப் பேணி வரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புவோம். தம்பிமாரே, ஏட்டிலே எண்ணெய் பூசுகிறோம், துடைக்கிறோம் என்று நீங்களாக ஒன்றும் செய்துவிடாதீர்கள். ஏடு பழகிய பெரியவர் ஒருவர் கூட வருவார். முதலாவது வீட்டுக்கு வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை போகிறோம். மேலே சொன்ன பேரனார் மூன்றாம் முறை கேட்டபோது சம்மதித்துவிட்டார். வேறு வீடுகளில் ஏடு இருந்தால் பெயரைக் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் கொடுங்கள்.