பீலியும் சட்டமும்



திகம்பர முனிவர் கையில் ஏந்தும் மயிற்பீலியின் பயனைச் சமணக் குழந்தைகளும் அறிவர். அமருமுன் தரையையும், எடுக்குமுன் சுவடியையும், வைக்குமுன் கமண்டலத்தையும் அதனால் மெல்ல வருடிச் சிற்றுயிர்களை விலக்குவர். ஐவகைச் சமிதிகளுள் எடுத்தல் வைத்தலில் காக்கும் விழிப்புக்கு அதுவே கருவி. ஆயினும் அந்தப் பீலி எங்கிருந்து வந்தது, மயில் தானாக உதிர்த்ததா, மயிலைக் கொன்று எடுத்ததா என்னும் வினாவை வாங்கும்போது எழுப்புவோர் மிகச் சிலரே. இந்திய நாட்டின் காட்டுயிர்ச் சட்டமும் அவ்வினாவை எழுப்பவில்லை. அதனால்தான் இல்லறத்தார் அதை எழுப்ப வேண்டியிருக்கிறது.

அரசாணையால் உயிர்களைக் காக்கும் முயற்சி இந்நாட்டில் மிகப் பழையது. அசோகனின் முதற் பாறைக் கல்வெட்டு அரண்மனை மடைப்பள்ளியைப் பற்றியே பேசுகிறது. அங்கே நாள்தோறும் கொல்லப்பட்ட உயிர்கள் இப்போது இரண்டு மயில்களாகவும் ஒரு மானாகவும் குறைந்துவிட்டன என்றும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றும் அரசன் அறிவிக்கிறான். குடிமக்களுக்கு ஆணையிடுமுன் தன் அடுக்களைக் கணக்கை வெளியிட்ட அரசர் எத்தனை பேர்? அக்கணக்கில் மயில் இருப்பதும் கருதத்தக்கது. பிற்காலத்தில், 1583 இல் அக்பரின் அவைக்குச் சென்ற சுவேதாம்பர ஆசாரியர் ஹீரவிஜய சூரியின் வேண்டுகோளால், பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலையைத் தடுத்து ஆணைகள் பிறந்தன.

தமிழகத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது வேடந்தாங்கல். ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளையர் சுட்டு வீழ்த்தியபோது முறையிட்டவர்கள் அறிஞர்களோ துறவிகளோ அல்லர்; உழவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1798 இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார்.

ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்களின் நோக்கம் வேறு. யானைகளைக் காக்கச் சென்னை மாகாணம் 1873 இல் சட்டம் செய்தது. 1879 இல் நீலகிரிக்கென வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1912 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், அட்டவணையில் கண்ட உயிர்களுக்கு ‘வேட்டை மூடிய காலம்’ அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அப்பட்டியலில் மயிலும் இருந்தது. மூடிய காலம் என்று ஒன்று இருந்தால் திறந்த காலமும் உண்டு என்பதே பொருள். அடுத்த ஆண்டு சுடுவதற்கு உயிர்கள் மிஞ்ச வேண்டும் என்ற கவலையைக் கருணை என்று கொள்வதற்கில்லை.

இந்நிலையை மாற்றியது 1972 செப்டம்பர் 9 அன்று நிறைவேறிய காட்டுயிர் (பாதுகாப்பு)ச் சட்டம். அப்போது காட்டுயிர் மாநிலப் பட்டியலில் இருந்தமையால், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்ட பின்னரே நாடாளுமன்றம் இதனை இயற்ற முடிந்தது. 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது அரசமைப்புத் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று எழுதியதும் அதே திருத்தமே. தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்த இச்சட்டம், 1991 ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவ்வாயிலையும் அடைத்தது.

‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் சமண நூல் பயின்றவர்க்கு வியப்பளிக்கும். கொல்லுதல் மட்டும் வேட்டை அன்று. நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், இரை காட்டி ஈர்த்தல், துரத்திப் பிடித்தல், உடலின் ஒரு பகுதியை எடுத்தல், பறவையின் முட்டையைச் சேதப்படுத்துதல், கூட்டைக் கலைத்தல் ஆகிய யாவும், அவற்றுக்கான முயற்சியும்கூட, வேட்டையே. ஆயினும் சட்டம் கையின் செயலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு உறழ்ந்து காணும் சமணக் கணக்கு அதனினும் நுண்ணியது.

மயிலுக்கு வருவோம். 1963 இல் அது தேசியப் பறவையாயிற்று. காட்டுயிர்ச் சட்டத்தில் உயர்ந்த காவலுக்குரிய முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்த பின்னும் அவ்விடத்திலேயே உள்ளது. அதனைக் கொன்றவர்க்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. இத்தனை காவலுக்கும் நடுவே 43 ஆம் பிரிவு, அதன் தோகைப் பீலிக்கும் அதனால் செய்த பொருள்களுக்கும் தனி விலக்கு அளிக்கிறது. பீலியின் சமயப் பயன்பாடும் கைவினைப் பயன்பாடும் நெடுங்காலத்தவை. உள்நாட்டில் அவை தடையின்றித் தொடர அவ்விலக்கு இடம் தருகிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. அயல்நாட்டில் வாழும் உறவினர்க்குப் பீலி அனுப்ப எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

அவ்விலக்கில் ‘தானாக உதிர்ந்த’ என்னும் சொற்கள் இல்லை. இடர் அங்கேதான் தொடங்குகிறது. ஆண்மயில் ஆண்டுக்கு ஒருமுறை, இனப்பெருக்கப் பருவம் கழிந்ததும், தோகையை முழுவதும் உதிர்த்துவிடும். உதிர்ந்த இறகுகளைத் தேடிப் பொறுக்கப் பல நாள் அலைய வேண்டும். நஞ்சிட்டுக் கொன்றால் ஒரே மயிலிடம் நூற்றுக்கு மேற்பட்ட பீலிகளை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். கொன்றவன் குற்றவாளி, பீலி சந்தைக்கு வந்துவிட்டாலோ அது சட்டம் விலக்களித்த பண்டம். உதிர்ந்த பீலியின் அடிக்குருத்து காய்ந்து தூய்மையாக இருக்கும்; பிடுங்கியதன் அடியில் குருதியோ தசையோ ஒட்டியிருக்கும். அடியை ஓர் அங்குலம் நறுக்கிவிட்டால் அந்தச் சான்றும் போய்விடும். சந்தையில் அடி நறுக்கிய கட்டுகளைக் கண்டால் ஐயுறுவதே தக்கது.

இறைச்சியை விலைக்குக் கொள்வாரே விற்பாரை உண்டாக்குகின்றனர் என்னும் வாதத்தைப் புலான்மறுத்தலில் பயின்ற குலத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எறும்பைக் காக்கும் கருவிக்காக மயில் மாண்டதென்றால், அதனை ஏந்தும் முனிவரிடம் பிழையில்லை. விலை கொடுத்து வாங்கிச் சமர்ப்பித்த சிராவகரே விடை சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது உழுவோர்க்கு நியாயமாகாது. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவுக் குடியினர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் மணிலா விதைத்த நிலத்தை மயில்கள் கிளறுவதையும், நாற்றங்காலை மிதிப்பதையும், காட்டுப்பன்றி ஓர் இரவில் ஒரு பருவத்தின் உழைப்பை உழுது போடுவதையும் கண்டவர்கள் அவர்கள். உயிரன்பைப் பற்றி நகரத்தில் அமர்ந்து பேசுவது எளிது.

சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. நின்ற பயிருக்குக் கேடு என்னும் காரணத்தால் முதல் அட்டவணை உயிரைக் கொல்ல எவரும் அனுமதி தர இயலாது. மனித உயிருக்கு இடர் நேர்ந்தாலோ, மீளமுடியாத நோயோ ஊனமோ உற்றிருந்தாலோ தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் ஆணையிடலாம், அவ்வளவே. ஆகவே மயிலைப் பயிரின் பொருட்டுக் கொல்ல வழியே இல்லை. இரண்டாம் அட்டவணையிலுள்ள காட்டுப்பன்றியைப் பயிர்ச்சேதத்தின் பொருட்டுக் கொல்ல அதிகாரி எழுத்தில் அனுமதிக்கலாம். 62 ஆம் பிரிவின்படி ஓர் இனத்தையே குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் ‘தீங்குயிர்’ என அறிவிக்கவும் மத்திய அரசுக்கு இயலும். பீகாரில் நீலமான்களை அவ்வாறு அறிவித்தபின், 2016 இல் மொகாமா பகுதியில் அவை பெருந்தொகையாகச் சுடப்பட்டன.

சட்டம் அனுமதித்தது என்பதனால் அணுவிரதம் அனுமதித்ததாகுமா? இல்லறத்தார்க்கு இம்சையை நான்காகப் பகுத்துக் கூறுவது மரபு. சங்கல்பத்தால் செய்வதை அறவே விடவேண்டும். மனைவாழ்க்கையாலும், தொழிலாலும், தற்காப்பாலும் நேர்வன இயன்ற அளவு குறைக்கத்தக்கவை. ஏர் முனையில் மண்புழு மடிவது தொழிலால் நேர்வது. பாய்ந்து வரும் பன்றியைத் தடியால் தடுப்பது தற்காப்பு. நல்லெண்ணத்துடன் செய்த தற்காப்பைச் சட்டமும் குற்றமாகக் கொள்வதில்லை. முதல்நாள் மாலையில் நெல்லில் நஞ்சு கலந்து வரப்போரம் தூவிவிட்டு வருவது எவ்வகை? விளைவை எண்ணி, காலம் பார்த்து, கை நடுங்காமல் செய்த அதைத் தற்காப்பு என்று சொல்ல நூலில் இடமில்லை.

மின்வேலியும் அவுட்டுக்காயும் அத்தகையனவே. அவை எதற்கென வைக்கப்பட்டனவோ அதையே கொல்வதுமில்லை. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஆற்று நீரில் நின்றபடியே இறந்ததை நாடே கண்டது. திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மனிதரும் மாண்டிருக்கின்றனர்.

இயன்றவை சில உள. பயிர்ச்சேதம் நேர்ந்த அன்றே நிழற்படம் எடுத்து, கிராம நிருவாக அலுவலர் வழியாகவும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். இழப்பீடு தாமதமாகிறதே என்று முறையீட்டையே கைவிடுவோர் பலர். பதிவாகாத சேதம் அரசின் கணக்கில் நேராத சேதமே. விதைப்புக் காலத்தில் ஊர் கூடி முறைவைத்துக் காவல் இருத்தல் பழைய வழக்கம், புதுப்பிக்கத்தக்கது.

பீலிக்கு வழி அதே வயலில் இருக்கிறது. விதையைத் தின்ற மயில் பருவம் முடிந்ததும் தோகையை அவ்வரப்பிலேயே உதிர்த்துச் செல்கிறது. ஒவ்வொரு சமணச் சிற்றூரிலும் அதனைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கிச் சேர்க்கலாம். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் நுழைந்து எடுத்தல் ஆகாது. சொந்த நிலத்திலும் தோகைப் பீலி அன்றி வேறு இறகுகளை எடுக்கலாகாது, விலக்கு தோகைக்கு மட்டுமே உரியது. இறந்து கிடக்கும் மயிலைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். சேர்த்தவற்றின் அடியை நறுக்காமல், எந்த ஊரில் எந்த மாதம் கிடைத்தவை என்று சீட்டெழுதிக் கட்டி, பூச்சி அணுகாதபடி உலர்ந்த வேப்பிலையோடு துணியில் பொதிந்து வைத்தால், சாதுர்மாசம் நிறைவுற்று முனிவர்கள் பீலி மாற்றும் வேளையில் மேல்சித்தாமூர் மடத்துக்கோ, அவர்கள் தங்கியுள்ள ஊருக்கோ கொண்டு சேர்க்கலாம்.