விதியை வகுப்பவரும் நாமே

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் புதிரைப் பற்றியா பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். போட்டித் தேர்வுகளிலெல்லாம் அறிவுத்திறன் வினாக்கள் புகுந்துவிட்டன. அவற்றுக்கு விடை காண நம் பிள்ளைகளைப் பழக்குகிறோம். வினாவை ஆக்கும் நாற்காலியில் நாம் எப்போது அமர்வது?

சுடோகுவை அறிவீர்கள். 1979-இல் அமெரிக்க ஏடொன்றில் வெளிவந்து, 1984-இல் ஜப்பானுக்குச் சென்ற புதிர் அது. 81 கட்டங்களில் குறைந்தது 17 எண்களையாவது கொடுத்தாலன்றி ஒரே விடை அமையாது என்பதை 2012-இல் கணிப்பொறியின் துணையால் நிறுவினர். ஆனால் 2020-இல் மிட்செல் லீ என்பவர் இரண்டே எண்களைக் கொடுத்து ஒரு சுடோகு அமைத்தார்! சதுரங்கக் குதிரை தாவும் தொலைவிலோ அரசன் நகரும் தொலைவிலோ ஒரே எண் வரலாகாது. ஒட்டிய கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் நிற்கலாகா. இப்புதிய நிபந்தனைகளே மற்ற எண்களின் வேலையைச் செய்துவிட்டன.

இதைக் கண்டு நானும் மாலை வகுப்புக்கு ஒரு சிறு புதிர் எழுதினேன். 1 முதல் 4 வரை ஒரே வரிசையில் எழுதுக. அடுத்தடுத்த எண்கள் அருகருகே வரலாகா. விதியின்றி 24 வகையில் எழுதலாம். விதியோடு 2, 4, 1, 3 மட்டுமே என்று நம்பி, "1-உம் 4-உம் அருகருகே நிற்கும்" என்னும் குறிப்பையும் சேர்த்தேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, 3, 1, 4, 2-உம் சரிதானே?" என்றாள். வெட்கினேன், மறுக்க வழியில்லை. இடவலம் மாற்றினாலும் மாறாத விதி எதுவாயினும், விடையின் கண்ணாடி நிழலும் விடையாகிவிடும். என் குறிப்பும் அத்தகையதே. "4, 1-க்கு இடப்புறம்" என்று அவளே திருத்தினாள். இப்போது விடை ஒன்றே. ஆசிரியரின் பெயருக்குப் புதிரிடம் சலுகை கிடையாது, பாருங்கள்!

மூன்று எண்களுக்கு இவ்விதி பொருந்தவே பொருந்தாது. 2-க்குப் பக்கத்தில் யாரை வைப்பது? ஐந்து எண்களுக்கோ 14 விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் நிறுத்தும் குறிப்புகளை எழுதி, வரும் ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். இரண்டாம் விடையைத் தேட அச்சிறுமி அங்கே இருப்பாள்.