கல்லூரி ஆசிரியருக்கும் நல்லாசிரியர் விருது

(பெண்ணாடத்தில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஆசிரியர் விருதுகளைப் பற்றிப் பேசுமாறு நமக்குக் கட்டளை. பள்ளி ஆசிரியர்க்குரிய விருதுகளை எல்லோரும் அறிவீர்கள். 1958 முதல் நடுவணரசு தேசிய விருது வழங்கி வருகிறது; நம் மாநில அரசு டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் வழங்குகிறது. செப்டம்பர் 5 வந்தால் செய்தித்தாளில் படம் வரும், ஊரில் பொன்னாடை விழும். ஆனால் கல்லூரி வகுப்பில் நன்கு கற்பிக்கும் பேராசிரியருக்கு என்ன கிடைத்தது? அவர் எழுதிய நூலுக்குப் பரிசு உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. பதவி உயர்வும் அதனைப் பார்த்தே வரும். கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் புரியும்படி பாடம் சொன்னதற்கு, தேசிய அளவில் நெடுங்காலம் விருது இருந்ததில்லை.

பிற நாடுகள் இதனை முன்பே உணர்ந்தன. அமெரிக்காவில் 1981 முதல் 2015 வரை ஆண்டின் சிறந்த பேராசிரியர் என்ற விருது, கற்பித்தலுக்கென்றே வழங்கப்பட்டது. கனடா 1986இல் தொடங்கிற்று. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில்தான் தேசிய விருது கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் விரிந்தது. அவ்வாண்டு விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வித் துறையினர். 2024இல் 82 பேரில் 16 பேர். சான்றிதழ், ஐம்பதாயிரம் ரூபாய், வெள்ளிப் பதக்கம் ஆகியவற்றைக் குடியரசுத் தலைவர் வழங்கினார். வழங்கிய திரௌபதி முர்மு அவர்கள் பழங்குடியில் பிறந்து, ஒரு காலத்தில் தாமே பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

டெல்லியில் பதினாறு பேருக்குக் கொடுத்த பதக்கத்தில் நம் தெருவுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு நல்ல விரிவுரையாளர் வாய்க்காவிட்டால் பெரிய நட்டமில்லை. வீட்டில் அண்ணன் சொல்லித் தருவான். இல்லையேல் காசு கொடுத்துத் தனிப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். நம் பிள்ளைக்கு அந்த வகுப்பறையை விட்டால் வேறு கதி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலத்தில் பொருளியலைக் கேட்கிறான். கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய் மூடி இருக்கிறான். முதற்பருவத்தில் இரண்டு பாடம் நிலுவை; அடுத்த பருவத்தில் நான்கு. மூன்றாம் பருவத்தில் திருப்பூருக்கு வண்டி ஏறிவிடுகிறான். நல்ல மதிப்பெண்ணுடன் பள்ளியை விட்டு நாம் அனுப்பிய பிள்ளைகளில் இப்படிப் போனவர்கள் உண்டு. தடுத்து நிறுத்திய ஓர் ஆசிரியர் வாய்த்ததனால் பட்டம் பெற்று, இன்று இந்த அவையில் அமர்ந்திருப்போரும் உண்டு. ஆகவே கல்லூரியில் கற்பித்தலின் தரம் பிறர்க்குச் சிறப்பாக இருக்கலாம்; நமக்கு அது சோறு.

அண்ணல் அம்பேத்கர் 1918ஆம் ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக அமர்ந்தார். ஆசிரியர் அறையிலிருந்த பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்கு உடன் பணியாற்றியவர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். வகுப்பில் நடந்ததோ வேறு. அவர் பாடம் சொல்லும் முறையை அறிந்து, வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து கேட்டார்கள். சக ஆசிரியர் கொடுக்க மறுத்த மதிப்பை மாணவர் கொடுத்தனர். தமக்குக் கற்பித்தவர்களையும் அவர் மறக்கவில்லை. கொலம்பியாவில் தமக்கு வாய்த்த ஜான் டூயி, செலிக்மன் முதலிய பேராசிரியர்களை 1930இல் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்.

நம் ஊருக்கும் இவ்வகையில் ஒரு கதை உண்டு. பெண்ணாடத்தோடு தொடர்புடைய மெய்கண்டாரிடம், வயதிலும் கல்வியிலும் மூத்தவரான அருணந்தி சிவாச்சாரியார் மாணவராக அமர்ந்தார் என்பது சைவ மரபு. ஆசிரியருக்கு மாணவர் அளித்த பட்டயம் என்றே அதனைக் கொள்ளலாம். நம் முன்னோருக்கு அந்தத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்க நேர்ந்தது ஏன் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இனி, தேசிய விருதின் விதிகளுக்கு வருவோம். துணைவேந்தரும் கல்லூரி முதல்வரும் விண்ணப்பிக்க இயலாது. இதனை வரவேற்கிறோம், நாற்காலிக்கு விருது போகாமல் வகுப்பறைக்குப் போகட்டும். வயது 55க்கு மேற்படக் கூடாது. ஐந்தாண்டுகளேனும் கற்பித்திருக்க வேண்டும். இவையும் சரியே. ஆனால் நிரந்தரப் பணியில் இருப்பவராக இருத்தல் வேண்டும் என்றும் ஒரு விதி உள்ளது. நம் அரசு கலைக் கல்லூரிகளில் எத்தனையோ வகுப்புகளை நடத்துவோர் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் பெற்றும் தொகுப்பூதியத்தில் நிற்கும் நம் இளைஞர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். நிலுவைப் பாடத்தோடு நிற்கும் பிள்ளையை மாலை நேரத்தில் இருத்திச் சொல்லிக் கொடுப்பவர் அவராகவே இருந்தாலும், அவர் பெயர் டெல்லிக்குப் போக வழியில்லை. பெயரிலே கௌரவம், விருதிலே இல்லை! இவ்விதியை மாற்றுமாறு கழகத்தின் சார்பில் கல்வி அமைச்சகத்திற்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மற்றொன்று நம் கையிலேயே இருக்கிறது. விருத்தாசலம் அரசு கலைக் கல்லூரியிலும், அங்குள்ள பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்திலும், சிதம்பரத்திலும் பயின்று இவ்வாண்டு தேர்ச்சி பெறும் நம் பிள்ளைகள், தமக்கு நன்கு கற்பித்த ஓர் ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கழகச் செயலாளரிடம் தர வேண்டும். புகழுரை வேண்டாம். எந்தப் பாடம் விளங்காதிருந்தது, அவர் எப்படிச் சொன்னார், அதன்பின் என்ன விளங்கிற்று என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். நிரந்தர ஆசிரியர், கௌரவ விரிவுரையாளர் என்ற வேறுபாடு பார்க்க வேண்டாம். அவற்றைப் படியெடுத்து, ஒன்றை அந்த ஆசிரியருக்கும் மற்றொன்றை அவர் கல்லூரி முதல்வருக்கும் கழகம் அனுப்பி வைக்கலாம். பொன்னாடை வாங்கும் செலவில் தபால் தலை வாங்கிவிடலாம். தாள் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் பெற்றுக்கொள்ளுங்கள்.