முதுகின் பின்னே ஒரு பெற்றோல் தாங்கி

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது முன்னோர் மொழி. பொருள் கொண்டு செல்வோனுக்குக் கள்வரால் நேரும் அச்சத்தையே அவர்கள் இவ்வாறு கூறினர். ஆனால் மடியில் அன்று, முதுகின் பின்னே, ஐம்பது கிலோகிராமுக்கும் மேற்பட்ட பெற்றோலைச் சுமந்துகொண்டு, அதனைப்பற்றிய அச்சம் சிறிதுமின்றி ஒரு தலைமுறையினர் பயணஞ் செய்த கதை ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டிகளின் கதையே அது.

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் செவர்லே பிக்கப் வண்டிகளில், 1949ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை, எரிபொருள் தாங்கி சாரதியின் அறைக்குள்ளேயே, ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தது. 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த போர்ட் எவ்-100 வண்டிகளும் அவ்வாறே அமைந்தன. சாரதியும் அவன் மனைவியும் நடுவில் அமரும் குழந்தையும் சாய்ந்திருக்கும் அந்த ஆசனத்துக்கும், ஏறத்தாழ 20 அமெரிக்கக் கலன் பெற்றோலுக்கும் இடையே இருந்தவை மெத்தையும் ஒரு மெல்லிய உருக்குத் தகடுமே. வளைவுகளில் வண்டி திரும்பும்பொழுது பெற்றோல் அலைமோதும் ஓசை அவர்களின் செவிக்குக் கேட்கும்.

அறிவிற் சிறந்த பொறியியலாளர் இவ்வாறு செய்தது ஏன் என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை காண மோட்டார் வண்டியின் இளமைக் காலத்தை நோக்குதல் வேண்டும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பெற்றோலை உந்தி அனுப்பும் பம்பி இருக்கவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோலத் தாங்கியிலிருந்து காபரேற்றருக்குப் பெற்றோல் தானே வழிந்து சென்றது. ஆதலால் தாங்கி உயரத்தில் இருத்தல் இன்றியமையாததாயிற்று. 1908ஆம் ஆண்டு வெளிவந்த போர்ட் 'ரி' மாதிரி வண்டியில் அது முன்னாசனத்தின் கீழ் இருந்தது. எரிபொருள் நிரப்ப வேண்டுமாயின் சாரதி இறங்கி, ஆசன மெத்தையைத் தூக்குதல் வேண்டும். தாங்கியிற் பெற்றோல் குறைந்திருக்கும் வேளையில் செங்குத்தான மலைவழி எதிர்ப்பட்டால் இயந்திரம் தாங்கியினும் உயர்ந்துவிடும், பெற்றோல் பாயாது. அப்பொழுது சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கிச் செலுத்தியே மலையேறினர். 1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 'ஏ' மாதிரியிலோ தாங்கி முன்கண்ணாடியின் கீழே, பயணிகளின் முழங்காலுக்கு எதிரே குடியேறியது. 1932ஆம் ஆண்டு வெளிவந்த வீ-8 வண்டியிற் பொறிமுறைப் பம்பி அமைந்ததும், தாங்கி வண்டியின் பின்புறத்துக்குச் சென்றது.

பம்பி வந்தபின் தாங்கியை எங்கும் வைக்கலாம் என்ற உரிமை பிறந்தது. எனினும் பிக்கப் வண்டி குடியானவனின் வண்டி. அதன் பின்தட்டு வைக்கோலுக்கும் விதைமூடைக்கும் உரியது. அடிப்புறமோ வயல்வழிக் கல்லுக்கும் சேற்றுக்கும் இலக்கானது. அறைக்குள் ஆசனத்தின் பின்னே ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கு வைத்தால் கல் அடிக்காது, சேறு படியாது, பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும் வரும் மோதல் எளிதில் எட்டாது. அவ்விடத்தைத் தேர்ந்தோர் மதியீனர் அல்லர். அவர்கள் தாங்கிக்கு நேரும் தீங்கை எண்ணினர். தாங்கியால் மனிதருக்கு நேரும் தீங்கைப் போதிய அளவு எண்ணினார் அல்லர்.

பெற்றோலின் இயல்பை ஈண்டு அறிதல் நன்று. எரிவது திரவமன்று, அதன் ஆவியே. நீர் உறையும் நிலைக்குக் கீழே நாற்பது பாகை செல்சியசுக் குளிரிலும் பற்றிக்கொள்ளத்தக்க ஆவியை அது வெளியிடும். அவ்வாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையிலே தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை அது கலந்திருக்கும்பொழுது ஒரு சிறு பொறியே போதுமானது. மூடிய அறைக்குள் தாங்கி இருக்குமாயின், இறுகிக் காய்ந்த ஒரு றப்பர் வளையமோ, துருப்பிடித்த ஓர் ஊசித்துளையோ அவ்வறை முழுவதையும் ஆவியால் நிரப்ப வல்லது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் காயாத றப்பரும் துருவேறாத தகடும் எத்துணை அரியன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1973ஆம் ஆண்டு மாதிரியில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தாங்கியை அறையினின்றும் வெளியேற்றியது. நல்ல காரியமே, ஆனால் எங்கே வைத்தது என்பதிலேதான் துயரம் தொடங்குகிறது. வண்டியின் முதுகெலும்பு போன்ற இரு நெடுஞ்சட்டங்களுக்கு உள்ளே வைக்காமல், அவற்றுக்கு வெளியே, வண்டியின் விலாப்புறத்தில் அது தொங்கவிடப்பட்டது. இரு பக்கமும் இரண்டு தாங்கிகள் வைத்து, நெடுந்தூரம் செல்லத்தக்க அளவு பெற்றோல் நிரப்ப முடிந்தது. ஆனால் பக்கத்திலிருந்து மற்றொரு வண்டி மோதினால், நெடுஞ்சட்டத்தின் வன்மை தாங்கியைக் காக்கவில்லை. வெளியிலிருந்து வரும் வண்டிக்கும் உள்ளிருக்கும் சட்டத்துக்கும் இடையே தாங்கி அகப்பட்டுக்கொண்டது. மாண்டோரும் தீக்காயமுற்றோரும் பலராயினர். வழக்குகள் எழுந்தன. அரசு 1992ஆம் ஆண்டில் விசாரணையை ஆரம்பித்தது. 1994ஆம் ஆண்டு ஒக்டோபரில், போக்குவரத்துத் துறைச் செயலாளர் பெடரிக்கோ பேனா, அவ்வமைப்புக் குறைபாடுடையது என்னும் முதற்கட்ட முடிவை வெளியிட்டார். நிறுவனமோ தன் வண்டிகள் அக்காலச் சட்ட விதிகளுக்கு அமைந்தவையே என வாதாடியது. அவ்வாண்டு டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டது. வண்டிகள் திருப்பி அழைக்கப்படவில்லை. பாதுகாப்பு முயற்சிகளுக்கென ஐந்து கோடி டொலருக்கு மேல் வழங்க நிறுவனம் உடன்பட்டது. 1988ஆம் ஆண்டின் புதிய மாதிரியிலேயே தாங்கி நெடுஞ்சட்டத்துக்கு உள்ளே சென்றிருந்தது.

இவ்விடயத்தில் ஒலிபரப்புத் துறைக்கும் ஒரு பாடம் உண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி, அத்தகைய வண்டி ஒன்று மோதித் தீப்பற்றும் காட்சியை ஒளிபரப்பியது. தீ தவறாமற் பற்றுவதற்கெனத் தீமூட்டுங் கருவிகள் முன்னரே அங்கு பொருத்தப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. 1993ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நிலையம் மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரியது. ஆபத்து உண்மையாக இருந்தபொழுதும், அதைக் காட்டுதற்குப் பொய்யைத் துணைக்கழைத்தமையால் உண்மையின் வலுவே குன்றியது. சாட்சி கூறுவோன் மெய்க்கு மெருகிட முயலலாகாது.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். தந்தை ஓட்டிய செவர்லே வண்டியைப் பழுது பார்த்து மீண்டும் தெருவுக்குக் கொணர விரும்பும் அமெரிக்கர் பலர். அத்தகைய ஒருவரை மனக்கண்ணிற் கொள்ளலாம். அவர் வண்டியின் கதவைத் திறந்ததும் பெற்றோல் வாடை வீசுகிறது. "வாடை இருந்தாற்றான் அப்பாவின் வண்டி" என்று அவர் முறுவலிக்கிறார். ஆனால் அவ்வாண்டு அவருடைய மகள் முதன்முறையாக அவ்வாசனத்தில் ஏறி அமர்கிறாள். அன்றே அவருக்கு அவ்வாடையின் பொருள் மாறிவிடுகிறது.

அவர் முன் இரு வழிகள் உள. ஒன்று, பழைய இடத்திலேயே புதிய தாங்கியைப் பொருத்தி, றப்பர் குழாய்களையும் வளையங்களையும் புதுப்பித்தல். வண்டியின் பழைமை குலையாது, ஒழுக்கு நீங்கும், ஆயினும் பெற்றோல் அறைக்குள்ளேயே இருக்கும். மற்றொன்று, தாங்கியைப் பின்னச்சுக்கு அப்பால், இரு நெடுஞ்சட்டங்களுக்கு நடுவே, உதிரிச்சில்லு தொங்கிய இடத்துக்கு மாற்றுதல். 1973ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பிளேசர் வண்டியின் தாங்கியை இவ்விடத்திற் பொருத்துவோர் பலர். ஆசனத்தின் பின்னே இடம் கிடைக்கும். பாரமற்ற பின்சில்லுகளுக்குச் சிறிது பாரமும் கிடைக்கும். ஆனால் பின்னிருந்து மோதும் வண்டியை நினைந்து, தாங்கியைக் கடைக்கோடிக்குத் தள்ளாது, சட்டங்களின் காப்புக்குள் இயன்றவரை முன்னே அமைத்தல் வேண்டும். புகைக்குழாயின் வெப்பத்தினின்றும் அதனை விலக்குதல் வேண்டும்.

வேலையின் ஒழுங்கு முக்கியமானது. முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். பெற்றோலை வெளியே, காற்றோட்டமான இடத்தில், தக்க கலத்தில் வடித்தல் வேண்டும். பள்ளம் தோண்டிய கராஜ் தரையில் இதனைச் செய்தல் ஆகாது. ஆவி அப்பள்ளத்திலே காத்திருக்கும். வடித்தபின் தாங்கி வெறுமையாயிற்று என எண்ணுதல் பெரும் பிழை. நிரம்பிய தாங்கியினும் வெறுந் தாங்கியே கொடியது. அதனுள் காற்றும் ஆவியும் கலந்து நிற்கின்றன. அத்தகைய தாங்கியில் வெல்டிங் செய்ய முற்பட்டு உயிரிழந்தோர் பல நாட்டிலும் உளர். துளையடைக்கும் பணியை அதற்கென முறை தெரிந்தோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

புதிய தாங்கிக்குள் அலை தடுக்கும் குறுக்குத் தகடுகள் இருத்தல் நன்று. ஆவி வெளியேறும் குழாயில், வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். பெற்றோல் அளவு காட்டும் மிதவையும் சாரதியின் முன்னுள்ள மானியும் ஒன்றுக்கொன்று பொருந்துதல் வேண்டும். செவர்லே வண்டிகளில் முற்காலத்தில் மிதவையின் மின்தடை 30 ஓம் வரையும், பிற்காலத்தில் 90 ஓம் வரையும் அமைந்தது. இதனை அறியாது மாற்றியவரின் மானி, தாங்கியிலுள்ள பெற்றோலின் அளவைத் தவறாகக் காட்டும். மின்பம்பி பூட்டுவோர், மோதல் நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆளியையும் சேர்த்தே பூட்டுதல் வேண்டும். தாங்கியையும் நிரப்பு குழாயையும் உலோகக் கம்பியால் அடிச்சட்டத்துடன் இணைத்தலும் மறக்கலாகாது. நிரப்பும்பொழுது தோன்றும் நிலைமின் பொறி அவ்வழியே அடங்கும்.

பழைமையைப் பேணுவோர் இம்மாற்றத்தை விரும்பாமை இயல்பே. ஒரு பொருளை அது பிறந்தவாறே வைத்திருப்பதிலும் ஓர் அறம் உண்டு. நூதனசாலையில் நிற்கும் வண்டிக்கு அவ்வறம் பொருந்தும். அதன் தாங்கி வறண்டிருக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கோ வேறோர் அறம் முந்துகிறது. பழைய தாங்கியைத் தூய்மை செய்து, பெயரெழுதி வீட்டில் வைத்திருந்தால், பின்வருவோர் விரும்பினால் அதனை மீளப் பொருத்தலாம். உயிரை அவ்வாறு எடுத்து வைத்து மீளப் பொருத்த இயலாது. இலங்கையின் தெருக்களில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் வண்டிகளைக் கண்ணுங் கருத்துமாய்ப் பேணுவோருக்கும் இவ்வுரை அயலானதன்று. தாங்கி எங்கிருப்பினும், றப்பர் காய்வதும் தகடு துருவேறுவதும் எந்நாட்டிலும் ஒன்றே.

மனக்கண்ணிற் கண்ட அம்மனிதர் தாங்கியை மாற்றி முடித்துவிட்டார். ஆசனத்தின் பின்னே இப்பொழுது ஒரு கம்பளியும் மகளின் புத்தகப் பையும் இருக்கின்றன. கதவைத் திறந்தால் வாடை இல்லை. தந்தையின் வண்டி சிறிது மாறிவிட்டது என்பது உண்மையே. ஆனால் தந்தை உயிரோடிருந்து, பேர்த்தி அவ்வாசனத்தில் ஏறுவதைக் கண்டிருந்தால், தாமே முதலில் திருப்பாணிகளைக் கழற்றியிருப்பார் அன்றோ?