சாய்ந்து நிற்கும் எழுத்து
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மொழியின் சிறப்பைப் பேசுவோர் பலர். அம்மொழிக்கு உடலாக விளங்கும் எழுத்தின் வடிவத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆகவே இன்று ஓர் அச்செழுத்தின் வரலாற்றைக் கூற விழைகிறேன். அதன் பெயர் பாங்கோ.

பிரான்சு நாட்டு மார்சேய் நகரில் பிறந்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன் (1910–1983). அந்நகரத்து ஒலீவ் அச்செழுத்து வார்ப்பகத்திற்காக அவர் 1951இல் இதனை ஆக்கி அளித்தார். நாம் நூல்களிற் காணும் ரோமன் எழுத்துக்களின் முனைகளில் சிறு குறுக்குக் கோடுகள் இருக்கும். பாங்கோவில் அவை இல்லை. தடித்த கோடுகள், கூரிய மூலைகள், மேலே அகன்று கீழே ஒடுங்கும் கால்கள். யாவும் வலப்புறம் சாய்ந்தவை. தகட்டை வெட்டி வளைத்து நிறுத்தினாற் போன்ற தோற்றம்!

சாய்வு எதற்கு? ஓடுகின்றவன் உடல் முன்னே சாய்கிறது. அதனால் சாய்ந்த எழுத்தும் விரைவை உணர்த்துகிறது. ஆயினும், நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அது நல்ல சாய்வெழுத்து ஆகிவிடாது. வட்டம் கோணும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைதல் வேண்டும்.

எக்ஸ்கோஃபோன் பெரிய எழுத்துக்களை மட்டுமே வரைந்தார். சிறிய எழுத்துக்களை 1997இல் ஃபில் கிரிம்ஷா என்பவர் சேர்த்தார். முதலில் அவை தேவைப்படாமைக்குக் காரணம் உண்டு. கடையின் பெயர், விளம்பரத் தலைப்பு, சுவரொட்டி ஆகியவற்றிற்கென்றே பிறந்தது பாங்கோ. ஒரு நூல் முழுவதையும் அதில் அச்சிட்டால் கண் களைத்துப் போகும். சந்தையிற் கூவும் குரலும் கதை சொல்லும் பாட்டியின் குரலும் ஒன்றாகுமோ? அவரே, விரைந்து எழுதும் கையெழுத்தைப் போன்ற மிஸ்ட்ரால் எழுத்தை 1953இல் தனியே ஆக்கினார்!

அன்பர்களே, நம் வீட்டிற்கு வருவோம். தமிழெழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது. நாமோ விழாப் பதாகைக்கு எழுத்து வேண்டுமெனில், கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டிச் சாய்த்துவிடுகிறோம். ணகரத்தின் சுழிகள் நசுங்குகின்றன. ழகரத்தின் வால் திரிகிறது. பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பில்லாத நம் பிள்ளைகள் பெரிய அளவில் தமிழெழுத்தைக் காண்பது பெரும்பாலும் இப்பதாகையிலேதான். அவர்கள் கண்ணிற் பதிவது அந்த நசுங்கிய வடிவமே.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுவிழாவின் பதாகையை நம் இளைஞர்கள் கையால் வரையட்டும். சாய்வு வேண்டுமெனில், தமிழின் சுழிக்கு ஏற்ற சாய்வை அவர்களே கண்டறியட்டும். வரைந்து பழகிய எழுத்தைக் கை மறவாது.