விரைவு வாசிப்பும் வெற்றுத் துடிப்பும்

மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதை மறவாத சில்லுக்கு ஃபிளாஷ் நினைவகம் என்று பெயர். ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோக்கா 1984-ஆம் ஆண்டில் இதனை அறிஞர் உலகுக்கு அறிமுகம் செய்தார். இன்று நம் வீட்டு இணைய ரூட்டர் போன்ற கருவிகள் பல, மின்சாரம் வந்ததும் தம் தொடக்க நிரலை இத்தகைய சில்லிலிருந்தே படிக்கின்றன. அவ்வாறு படித்துக் கொடுக்கும் நிரலே டிரைவர். அதனை விரைந்து படிக்கச் செய்வது எவ்வாறு? எஸ்.பி.ஐ. என்னும் இணைப்பு கொண்ட சில்லை எடுத்துக்கொள்வோம்.

சாதாரண வாசிப்பில், டிரைவர் 8 கடிகாரத் துடிப்புகளில் கட்டளையையும் 24 துடிப்புகளில் முகவரியையும் அனுப்புகிறது. உடனே சில்லு, ஒரே கம்பி வழியாகத் துடிப்புக்கு ஒரு பிட் வீதம் விடை தருகிறது. 256 பைட்டுகளைப் படிக்க மொத்தம் 2,080 துடிப்புகள். நொடிக்கு 50 மில்லியன் துடிப்பு என்றால், 41.6 மைக்ரோ நொடி ஆகும்.

துடிப்பை இன்னும் விரைவாக்கினால் என்ன? அங்கேதான் இடர். முகவரி கிடைத்த பின், உரிய இடத்தைத் தேடி எடுக்கச் சில்லுக்குச் சற்று அவகாசம் வேண்டும். “47-ஆம் பக்கத்தைப் படி” என்று மாணவனிடம் சொன்னால், அவன் ஏட்டைப் புரட்டும்வரை பொறுக்கிறோம் அல்லவா? அதுபோலவே, விரைவு வாசிப்பில் முகவரிக்குப் பின் பெரும்பாலும் 8 வெற்றுத் துடிப்புகள் விடப்படுகின்றன.

அடுத்தது கம்பிகளின் எண்ணிக்கை. ஒரு குழாயில் நிரம்பும் தொட்டி, நான்கு குழாய்களைத் திறந்தால் விரைவில் நிரம்பும். நான்கு கம்பிகளில் விடை வந்தால், அதே 256 பைட்டுகளுக்கு 552 துடிப்புகள் போதும். நொடிக்கு 100 மில்லியன் துடிப்பில் இது சுமார் 5.5 மைக்ரோ நொடிதான். ஏழு மடங்குக்கும் மேலான வேகம்! ஆனால், ஒரேயொரு பைட்டைப் படிக்கச் சாதாரண முறைக்கு 40 துடிப்பு, இதற்கோ 42. ஆகவே, நீளமாகப் படிக்கும்போதுதான் முழுப் பயன் கிட்டும்.

இதனை அமைப்போர் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பலகையில் நான்கு கம்பிகளும் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸில் இந்த எண்ணிக்கையை டிவைஸ் ட்ரீ என்னும் விவரக் கோப்பில் குறிப்பிடுகிறார்கள். குறிப்பிடாவிட்டால் ஒன்று என்றே கொள்ளப்படும். இரண்டாவது, பல சில்லுகளில் இரு முனைகள் எழுத்துக் காப்பு முதலிய வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். குவாட் எனேபிள் என்னும் பிட்டை இட்டால்தான் அவை தரவுக் கம்பிகளாக மாறும். மூன்றாவது, வெற்றுத் துடிப்பின் எண்ணிக்கையில் டிரைவரும் சில்லும் ஒத்துப்போக வேண்டும்.

இவற்றில் பிழை நேர்ந்தால் சில்லு எச்சரிக்காது. தவறான தரவையே அமைதியாகத் தந்துவிடும். கருவி தொடங்காமலும் போகலாம். இதற்குத் துணையாக, சில்லே தன் திறன்களை அட்டவணையாகச் சொல்லும் எஸ்.எஃப்.டி.பி. என்ற நெறி 2011-இல் வெளியிடப்பட்டது. அட்டவணை இருப்பினும், ஒரே பகுதியை மெதுவாக ஒருமுறையும் விரைவாக ஒருமுறையும் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நன்று.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். அந்த எட்டு வெற்றுத் துடிப்புகள் வீணல்ல, நேயர்களே. வேகத்தைத் தாங்கி நிற்பவை அவையே.