நாணம் மறைக்கும் நோய்



குரும்பலூர் வட்டாரத்துச் சின்ன வெங்காய வயல்களில் பெண்கள் நாள்முழுதும் குனிந்தும் குந்தியும் உழைப்பர். குடமும் மூட்டையும் சுமப்பர். மகப்பேற்றால் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகள் பளுவால் மேலும் நலியும். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும்; சிலருக்குக் கருப்பையே கீழிறங்கும். அதனைச் சொல்ல நாணித் திருவிழாவிற்கும் செல்லாது வீட்டிலேயே ஒடுங்குவோர் உளர். தண்ணீரைக் குறைப்போரும் உளர். அதனால் மலச்சிக்கல் மிகும். முக்குவதால் தசைகள் மேலும் தளரும்.

பிள்ளை பெற்றவர்க்கு இஃது இயல்பெனப் பொறுத்திருத்தல் வேண்டா. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதற்குரிய பயிற்சியை விளக்கி எழுதினார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அத்தசைகளை மேல்நோக்கி இறுக்கி, 5 நொடி நிறுத்தி, அதே அளவு தளர்த்தல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது, சிறுநீர் கழிக்கையில் பழகலாகாது. வேளைக்கு 10 முறையாக நாளும் 3 வேளை, 3 மாதமேனும் செய்தல் நன்று.

எத்தசை என அறியாதார் இயன்முறை மருத்துவரை நாடுக. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது. வருவோரிடம் வழி கேட்கலாம். சிறுநீரில் குருதி கலந்தாலோ, சதை வெளித்தள்ளினாலோ மருத்துவரிடம் விரைந்து செல்க.

நாணம் பெண்மைக்கு அணி எனலாம். நோயை மறைத்தல் நாணமன்று. மகளும் மருமகளும் இன்றே வீட்டு மூத்தோரைத் தனித்தழைத்துப் பரிவுடன் வினவுவாராக!